ஏகாதசி விரதமும் இரத்தச் சர்க்கரையும்

ஏகாதசியன்று அன்னம் கொள்ளாமல், மறுநாள் துவாதசிப் பாரணையில்தான் உணவருந்துகிறார்கள் நம் வீட்டுப் பெரியவர்கள் பலர். இடையில் பூஜையும் பாராயணமும் தடையின்றி நடக்கின்றன. கோயிலையும் வலம் வருகிறார்கள். உணவே இல்லாதபோது இதற்கான சக்தி எங்கிருந்து கிடைக்கிறது?

நம் உடலில் ஓடும் ஏறத்தாழ 5 லிட்டர் இரத்தத்தில் கரைந்துள்ள சர்க்கரை சுமார் 5 கிராம்தான். அதாவது ஒரு தேக்கரண்டி. மூளை பெரிதும் இதை நம்பியே இயங்குகிறது. இந்த அளவைக் காப்பது இரைப்பைக்குப் பின்னால் உள்ள கணையம்.

உண்டதும் இரத்தத்தில் சர்க்கரை உயர, கணையம் இன்சுலினைச் சுரக்கிறது. அதன் உதவியால் தசைகள் சர்க்கரையை ஏற்கின்றன. கல்லீரலோ, களஞ்சியத்தில் நெல்லைச் சேர்ப்பதுபோல், சுமார் 100 கிராம் வரை கிளைகோஜனாகச் சேமிக்கிறது. உண்ணாதபோது இன்சுலின் தானே குறைகிறது. கணையத்தின் மற்றொரு சுரப்பான குளுகாகன் மேலோங்கி, கல்லீரலின் களஞ்சியத்தைத் திறக்கிறது. இருப்பு கரையக் கரைய உடல் கொழுப்பை எரிக்கத் தொடங்குகிறது. கல்லீரலும் புதிதாகச் சர்க்கரையை ஆக்கித் தருகிறது. ஆகவேதான், இரவெல்லாம் உண்ணாதிருந்தும், நலமுள்ளவருக்கு 100 மி.லி. இரத்தத்தில் 70 முதல் 99 மில்லிகிராம் வரை சர்க்கரை நிலைத்திருக்கிறது.

நீரிழிவில் இந்த ஒழுங்கு குலைகிறது. முதல் வகையில், இன்சுலின் சுரக்கும் செல்களை உடலின் நோய் எதிர்ப்பாற்றலே அழித்துவிடுகிறது. பெரும்பாலோருக்கு வரும் இரண்டாம் வகையில், இன்சுலின் இருந்தும் உடல் அதற்குச் சரிவர இணங்குவதில்லை. நாளடைவில் சுரப்பும் குறைகிறது. வெறும் வயிற்றில் 126 மில்லிகிராமும் அதற்கு மேலும் மறுபரிசோதனையிலும் காணப்பட்டால் அது நீரிழிவு. கவனியாது விட்டால் கண், சிறுநீரகம், நரம்பு, இதயம் ஆகியவை பாதிப்புறும்.

விரத நாளில் ஆபத்து வேறு திசையிலிருந்து வருகிறது. ஊசியில் ஏற்றிய இன்சுலினும், கணையத்தைத் தூண்டும் கிளிமிபிரைடு போன்ற மாத்திரைகளும் இன்று ஏகாதசி என்று அறியமாட்டா. உணவு வராவிடினும் அவை சர்க்கரையைக் குறைத்துக்கொண்டே இருக்கும். அளவு 70க்குக் கீழ் இறங்கினால் வியர்வை, கை நடுக்கம், படபடப்பு, மனக்குழப்பம் தோன்றும். இதை விரதக் களைப்பென்று எண்ணிப் படுக்கவைத்துவிடுவதே நாம் செய்யும் பெரும்பிழை. நினைவு இருந்தால், மூன்று தேக்கரண்டிச் சர்க்கரையை நீரில் கரைத்து உடனே அருந்தத் தர வேண்டும். 15 நிமிடம் கழித்து மீண்டும் பரிசோதிக்க வேண்டும். நினைவிழந்தால் வாயில் எதையும் புகட்டாமல் மருத்துவமனைக்கு விரைய வேண்டும்.

அதற்கஞ்சி மருந்தைத் தாமே நிறுத்துவதும் தவறு. முதல் வகையினர் இன்சுலினை நிறுத்தினால் இரத்தத்தில் அமிலம் பெருகி உயிருக்கே ஆபத்தாகும். விரதத்துக்குச் சில நாள் முன்பே மருத்துவரைக் கண்டு, விரதம் இருக்கலாமா, மருந்தின் அளவை எவ்வாறு மாற்றுவது என்று கேட்டறிவதே முறை.

நீர், பழம், பால், மருந்து ஆகியவை விரதத்தைக் கெடுப்பதில்லை என்பது தர்ம சாஸ்திரம் தரும் இசைவு. உடல்நலம் குன்றியோர் அந்த இசைவை மனக்குறையின்றி ஏற்கலாம்.