ஏழையின் கிழங்கும் மழலையின் கண்ணும்

தை பிறந்ததும் நம் சந்தைகளில் சர்க்கரைவள்ளிக் கிழங்கு குவியல் குவியலாக வந்து இறங்குகிறது. தென்மாவட்டத்தார் இதனைச் சீனிக்கிழங்கு என்பர். பொங்கலன்று அவித்து உண்பதோடு பலரும் இதனை மறந்துவிடுகின்றனர். "அரிசி வாங்க வழியில்லாதவன் உண்பது" என்னும் ஏளனச் சொல்லும் இதற்கு உண்டு. இவ்வேளனம் நியாயமானதுதானா?

பெயரில் ஒற்றுமை தோன்றினும், உருளைக்கிழங்குக்கும் இதற்கும் நெருங்கிய உறவில்லை. உருளைக்கிழங்கு பருத்த தண்டு. இதுவோ பருத்த வேர். நூறு கிராம் சர்க்கரைவள்ளிக் கிழங்கில் ஏறத்தாழ 86 கலோரியும், 3 கிராம் நார்ச்சத்தும் உள்ளன. அதே எடையுள்ள வெண்சோற்றில் சுமார் 130 கலோரி இருக்க, நார்ச்சத்தோ ஒரு கிராமிற்கும் குறைவு. மலச்சிக்கலால் வருந்துவோர்க்கு இக்கிழங்கு நல்லதோர் உணவு என்பதற்குக் காரணம் இதுவே. பொட்டாசியமும் இதில் மிகுதி.

எனினும், இதன் தலையாய சிறப்பு நிறத்தில் அடங்கியுள்ளது. உட்சதை செம்மஞ்சளாக உள்ள கிழங்குகளில் பீட்டா கரோட்டின் என்னும் நிறப்பொருள் நிறைந்துள்ளது. இதனை நம் உடல் தன் தேவைக்கேற்ப உயிர்ச்சத்து 'ஏ'யாக மாற்றிக்கொள்கிறது. இவ்வுயிர்ச்சத்து குறைந்தால் குழந்தைகளுக்கு மாலைக்கண் உண்டாகிறது. குறை முற்றினால் பார்வையே பறிபோகிறது. நோயெதிர்க்கும் ஆற்றலும் குன்றுகிறது.

இது வெறும் ஏட்டுக் கணக்கு அன்று. ஆப்பிரிக்காவின் மொசாம்பிக் நாட்டு மக்கள் நெடுங்காலமாக வெண்ணிறக் கிழங்கையே உண்டு வந்தனர். அங்கே சிற்றூர்த் தாய்மாருக்குச் செம்மஞ்சள் கிழங்கின் கொடிகளை அளித்து, அவற்றைப் பயிரிடவும், பிள்ளைகளுக்கு ஊட்டவும் கற்பித்தனர். அப்பிள்ளைகளின் இரத்தத்தில் உயிர்ச்சத்து 'ஏ' உயர்ந்தமை ஆய்வில் தெளிவாயிற்று. இக்கிழங்கைப் பரப்பிய மரியா ஆந்திராதே, ராபர்ட் முவாங்கா, ஜான் லோ ஆகிய மூவரும் 2016ஆம் ஆண்டின் உலக உணவுப் பரிசைப் பெற்றோருள் அடங்குவர். கொடியை நட்டதும், கிழங்கை அவித்ததும், பிள்ளைக்கு ஊட்டியதும் தாய்மாரின் கைகளே என்பதை நாம் மறத்தலாகாது.

நம் சந்தையில் மிகுதியாகக் கிடைப்பது மேல்தோல் சிவந்து, உள்ளே வெளுத்த கிழங்காகும். வயிற்றை நிறைக்கவும், நார்ச்சத்தைத் தரவும் அது போதும். கண்ணைக் காக்கும் சத்து அதில் சொற்பமே. ஆகவே வாங்கும்போது தோலைப் பார்த்து ஏமாறாமல், உட்சதையின் நிறத்தை விசாரியுங்கள். திருவனந்தபுரத்தில் 1963இல் நிறுவப்பெற்ற மத்தியக் கிழங்குப் பயிர் ஆராய்ச்சி நிலையம் 'ஸ்ரீ கனகா', 'பூ சோனா' போன்ற செம்மஞ்சள் வகைகளை உருவாக்கியுள்ளது. நிலமுள்ளோர் இவற்றைப் பயிரிட முயலலாம். பழுதற்ற கொடித்துண்டே நடுவதற்குப் போதும். இளந்தளிரைக் கீரையாகவும் சமைக்கலாம்.

சமைக்கும் முறையிலும் கருத்து வேண்டும். கிழங்கை நன்கு கழுவித் தோலுடன் அவித்தால் சத்துகள் நீரில் கரைந்து வீணாவது குறையும். கரோட்டின் உடலில் சேரச் சிறிது கொழுப்பு தேவை. எனவே தேங்காய்த் துருவல் சேர்த்து உண்பது சாலச் சிறந்தது. புரதம் இக்கிழங்கில் குறைவாதலால், பயறோ சுண்டலோ உடனிருத்தல் நன்று.

எச்சரிக்கையும் ஒன்று உண்டு. நீரிழிவு நோயாளிகள் இதனைச் சோற்றுக்குப் பதிலாக அளவோடு உண்ணலாமேயன்றிச் சோற்றுடன் கூடுதலாக உண்ணலாகாது. சுட்டதைவிட அவித்ததே அவர்களுக்கு ஏற்றது. சிறுநீரக நோயுள்ளோர் பொட்டாசியம் கருதி மருத்துவரைக் கேட்டே உண்ண வேண்டும்.

பெற்றோரே! விலையுயர்ந்த சத்துமாவுப் புட்டிகளை நாடுமுன், மண்ணுக்கடியில் விளையும் இந்த எளிய செல்வத்தை நினையுங்கள். மாலைப் பசியோடு பள்ளியிலிருந்து திரும்பும் பிள்ளையின் கையில், கடைப் பண்டத்திற்குப் பதிலாக அவித்த கிழங்கொன்றைக் கொடுங்கள். மலிவானது என்பதால் எப்பொருளும் மதிப்பற்றதாகிவிடாது.