திருத்துவதற்கு முன் பிரதியெடுப்போம்

இயங்குதளத்தின் கருவாகிய கேர்னலைப் புதுப்பித்த பின்னர் கோப்புகள் சிதைந்தால், கோப்பு முறைமையையே நாம் குறை கூறுகின்றோம். 2018 ஒக்டோபரில் வெளியான லினக்ஸ் 4.19 உணர்த்திய பாடம் வேறு. அதனை நிறுவிய சிலரின் கோப்புகள் சிதைந்தபோது, ஈஎக்ஸ்ரி-4 கோப்பு முறைமை மீதே சந்தேகம் விழுந்தது. உண்மையான தவறோ, அதற்கும் வன்தட்டுக்கும் இடையே தரவுகளைக் கடத்தும் அடுக்கில் இருந்தது. டிசம்பரில் வெளியான 4.19.8 பதிப்பில் அது திருத்தப்பட்டது.

தவறுள்ள கேர்னலிலேயே பழுதுபார்க்கும் மென்பொருளை இயக்கினால், எஞ்சிய கோப்புகளும் அழியக்கூடும். ஆகவே, முதலில் கணினியை நிறுத்த வேண்டும். பின்னர் பழைய கேர்னல் உள்ள பென்டிரைவ் மூலம் அதனை இயக்கி, வன்தட்டை வாசிப்பதற்கு மாத்திரம் திறந்து, கோப்புகளைப் பிரதியெடுக்க வேண்டும். திருத்தும் முயற்சி அதன் பின்னரே. கேர்னலை மீண்டும் நிறுவலாம். பிரதியில்லாத கணக்கேட்டையும் ஆய்வேட்டையும் எவராலும் மீட்டுத்தர இயலாமற் போகலாம். புதுப்பிப்பதற்கு முன்னரே பிரதியெடுத்து வைப்பதே அறிவுடைமை என்போம்.