கவலை மூளையைச் சுருக்குமா?

"கவலை ஆளையே தின்றுவிடும்" என்பார்கள். மூளையையும் தின்னுமா?

இதற்கு விடை தேடியவர் புரூஸ் மெக்வென். அமெரிக்க விஞ்ஞானி. நியூயார்க் ராக்பெல்லர் பல்கலைக்கழகத்தில் 1966-ம் ஆண்டு ஆசிரியராகச் சேர்ந்தார்.

ஆபத்து வந்தால், சிறுநீரகத்தின் மேல் தொப்பி போல் இருக்கும் சுரப்பியில் கார்ட்டிசால் என்ற பொருள் சுரக்கும். உடம்புக்குத் தெம்பு கொடுக்கும். எலிக்குச் சுரப்பதும் ஏறக்குறைய இதே பொருள்தான்.

எலியின் அந்தப் பொருளில், போகும் இடத்தைக் கண்டறிவதற்காகக் கதிரியக்கத்தை ஏற்றி, எலிகளுக்கு ஊசி போட்டார் மெக்வென். அது எங்கே போய்ச் சேர்ந்தது தெரியுமா?

ஹிப்போகாம்பஸ் என்ற மூளைப் பகுதியில்! கடல் குதிரை போல் வளைந்தது அது. ஞாபகத்துக்கு அதுதான் முக்கியம். 1968-ல் இதை அவர் வெளியிட்டார்.

பிறகு அவருடைய ஆய்வுக்கூடத்தில், எலிகளைத் தினமும் 6 மணி நேரம் அசைய முடியாமல் அடைத்து வைத்தார்கள். பாவம், 21 நாட்கள்! அதே மூளைப் பகுதியில் நரம்பு அணுக்களின் கிளைகள் சுருங்கிவிட்டன.

ஆனால் அணுக்கள் சாகவில்லை. தொந்தரவை நிறுத்தியதும் கிளைகள் மீண்டும் வளர்ந்தன!

கார்ட்டிசாலை அவர் பகைவனாக நினைக்கவில்லை. ஆபத்தில் அது காக்கும். வேலை முடிந்ததும் அடங்க வேண்டும். அடங்காமல் மாதக்கணக்கில் சுரந்தால் உடம்பு தேயும். இந்தத் தேய்மானத்துக்கு 1993-ல் எலியட் ஸ்டெல்லருடன் சேர்ந்து "அலோஸ்டேட்டிக் லோடு" என்று பெயர் வைத்தார். வாயில் நுழையாத பெயர்! உடம்பு சுமக்கும் பாரம் என்று வைத்துக்கொள்வோம்.

பாரம் குறைய அவர் சொன்ன வழிகள் நம் வீட்டுப் பெரியவர்கள் சொல்வதுதான். நல்ல தூக்கம், நடை, மனம்விட்டுப் பேச நாலு பேர்.

2020 ஜனவரியில், 81-வது வயதில், மெக்வென் காலமானார். அதுவரை அதே பல்கலைக்கழகத்தில்தான் இருந்தார்.