டில்லியில் ஒரு கிதாரைத் திறந்து பார்த்தால்

செங்கோட்டைக்கு எதிரே, சாந்தினி சௌக் தொடங்குமிடத்தில் உள்ள லஜ்பத்ராய் மார்க்கெட்டில், வானொலிக்கும் ஒலிபெருக்கிக்கும் வேண்டிய உதிரிப் பொருள்களைக் குவித்து வைத்திருக்கும் கடைகளினூடே நடந்து செல்பவர், மின்கிதாரின் குரலை எழுப்பவும் அடக்கவும் திரிக்கவும் வல்ல அங்கங்களில் பல அங்கே சொற்ப விலைக்குக் கிடைக்கும் சாதாரணச் சாமான்கள்தாம் என்று அறிந்தால் சற்று வியப்படையவே செய்வார். அதே நகரத்தின் கனாட் பிளேஸில், லாகூரில் தொடங்கிப் பிரிவினைக்குப் பின் டில்லிக்கு வந்து சேர்ந்த ரிக்கி ராம் வாத்தியக் கடை இருக்கிறது. 1966 ஜூலையில், மணிலாவிலிருந்து திரும்பும் வழியில் டில்லியில் இறங்கிய பீட்டில்ஸ் குழுவின் ஜார்ஜ் ஹாரிசன் சிதார் வாங்கியது அங்கேதான். சிதாரின் நாதமோ, ஜவாரி எனப்படும் அகன்ற குதிரையின் மேற்பரப்பை இழைத்திருக்கும் நுட்பத்தைப் பொறுத்தது. அதற்குப் பல வருஷப் பயிற்சியுள்ள கையும் காதும் வேண்டும். வாசிப்பவரே துணிந்து அரத்தை எடுத்தால் வாத்தியம் பாழாகும். மின்கிதார் அப்படிப்பட்டதன்று. அதன் மின்சுற்று முழுவதையும் பள்ளிக்கூடப் பௌதிகம் நினைவிலுள்ள எவரும் புரிந்துகொள்ளலாம். அப்படியிருந்தும், சுவிட்சு கரகரத்தால்கூடப் பழுது பார்ப்பவரிடம் ஒப்படைத்துவிட்டு, என்ன தோஷம், என்ன சிகிச்சை என்று கேளாமலே திரும்பப் பெற்றுக்கொள்ளும் இளைஞர்களைக் காணும்போது எனக்கு உண்மையாகவே வருத்தம் உண்டாகிறது.

தந்திகளின் கீழே பதித்திருக்கும் பிக்கப் என்பது, காந்தத்தைச் சுற்றி மயிரிழை போன்ற செம்புக் கம்பியை ஆயிரக்கணக்கான சுற்றுகள் சுற்றிய ஒரு சுருளேயாகும். உருக்குத் தந்தி அதிரும்போது காந்தப்புலம் கலைகிறது. அந்தக் கலைவு சுருளில் மிகச் சிறிய மின்னழுத்தத்தைப் பிறப்பிக்கிறது. மாண்டலின் ஸ்ரீநிவாஸ் மின்மாண்டலினில் கர்நாடக இசையின் கமகங்களை அவ்வளவு தெளிவாகக் கேட்கச் செய்ய முடிந்ததற்கு, அவருடைய மேதையோடுகூட, மங்கிக்கொண்டே போகும் அதிர்வையும் விடாமல் பற்றி எடுத்துக் கொடுக்கும் இந்தச் சாதனமும் ஒரு காரணம். பிக்கப்பிலிருந்து புறப்படும் மின்னோட்டம் முதலில் சுவிட்சையும், பிறகு வால்யூம் கன்ட்ரோலையும், கடைசியில் ஜாக்கையும் அடைகிறது. வாய்க்காலில் வரும் நீரை மதகு வயலுக்கும் வடிகாலுக்குமாகப் பிரிப்பதுபோல, வால்யூம் கன்ட்ரோல் மின்னோட்டத்தைக் காதுக்கும் எர்த்துக்குமாகப் பிரிக்கிறது. ஒற்றைச் சுருள் பிக்கப்புக்கு 250 கிலோ ஓம், இரட்டைச் சுருளுக்கு 500 கிலோ ஓம் என்பது வழக்கமான அளவு. மதிப்பு குறைந்தால் குரலின் கூர்மை மழுங்கும். கடையில் வாங்கும்போது அளவை மட்டும் சொல்லாமல், அதன்மேல் ஏ என்ற ஆங்கில எழுத்து இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். பி என்று குறித்தவை ஒரே சீராக மாறுபவையாதலால், திருகைப் பாதிவரை திருப்பினாலும் சப்தம் குறைந்ததாகக் காதுக்குத் தோன்றாமல், அடிக்கு வந்ததும் திடீரென்று அடங்கிவிடும்.

டில்லியின் சீதோஷ்ணம் இந்த அங்கங்களுக்குப் பகை. மே மாதத்துப் புழுதிக்காற்று சுவிட்சின் இடுக்குகளில் பொடியை நிரப்புகிறது. அடுத்து வரும் மழைக்கால ஈரம் தகடுகளைக் களிம்பேறச் செய்கிறது. திருகைத் திருப்பும்போது கரகரப்பதும், சுவிட்சின் ஒரு நிலையில் மட்டும் சப்தம் வந்து வந்து போவதும் பெரும்பாலும் இவற்றின் விளைவே. மின்தொடர்புகளைச் சுத்தம் செய்வதற்கென்றே விற்கும் திரவத்தைச் சிறிது தெளித்து, திருகை இருபது முப்பது தடவை இப்புறமும் அப்புறமும் திருப்பினாலே பாதி வியாதி தீர்ந்துவிடும். தையல் இயந்திர எண்ணெயை விடுவது பெருந்தவறு; அது புழுதியைப் பிடித்து வைத்துக்கொள்ளும்.

ஒரு பிக்கப் ஊமையாகிவிட்டதா என்று அறிய, ஒலிபெருக்கியைத் தணிவாக வைத்து, சிறிய திருப்புளியால் ஒவ்வொரு பிக்கப்பின் தலையையும் மெல்லத் தட்டிப் பார்க்கலாம்; எது உயிரோடிருக்கிறதோ அது டொக்கென்று பதில் சொல்லும். இதைவிட நுட்பமான பரீட்சையும் உண்டு. கிதாரைத் திறக்காமலே, ஜாக்கில் கம்பியைச் செருகி, அதன் மறுமுனையில் நுனிக்கும் உடலுக்கும் இடையே மல்டிமீட்டரை வைத்து, வால்யூமை முழுதும் திறந்து அளந்தால், ஒற்றைச் சுருளுக்குச் சுமார் 5 முதல் 7 கிலோ ஓம் வரை காட்டும். சுருள் அறுந்திருந்தால் வால்யூம் கன்ட்ரோலின் மதிப்பாகிய 250 மட்டுமே தெரியும்; பூஜ்யம் வந்தால் எங்கோ இரண்டு கம்பிகள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருக்கின்றன. இந்த ஒரு அளவில் எவ்வளவு விஷயம் அடங்கியிருக்கிறது!

இரைச்சலைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். நம் நாட்டு மின்சாரம் விநாடிக்கு 50 முறை அலைவது. அதன் இரட்டிப்பாகிய 100, கிதாரின் ஆறாம் தந்தியில் மூன்றாம் மெட்டில் எழும் 98-க்கு மிக நெருங்கி நின்று காதை உறுத்துகிறது. இதைத் தொலைக்கவே கிப்சன் கம்பெனியின் சேத் லவர், எதிரெதிராகச் சுற்றிய இரு சுருள்களை இணைக்கும் யுக்தியைக் கண்டு, 1955-ல் மனுச் செய்து 1959-ல் காப்புரிமை பெற்றார். ஆனால் ஒற்றைச் சுருள் கிதாரில் தந்திகளைத் தொட்டவுடன் இரைச்சல் தணிந்தால், அது குற்றமன்று. எர்த் சரியாக இருப்பதன் அடையாளம். தொட்டும் மாறாவிட்டால், குதிரைக்குச் செல்லும் எர்த் கம்பி விட்டுப்போயிருக்கிறது என்று கொள்ளலாம். தொடும்போது விரலில் சுரீரென்று உறைத்தாலோ, மைக்கில் உதடு பட்டதும் அதிர்ந்தாலோ, கிதாரைத் திறப்பதில் பிரயோஜனமில்லை. உடனே வாசிப்பதை நிறுத்திவிட்டு, வீட்டுச் சுவரிலுள்ள பிளக்கையும் ஒலிபெருக்கியையும் எலெக்ட்ரீஷியனிடம் காட்ட வேண்டும். பழைய வீடுகளில் மூன்று துளைப் பிளக்கின் மூன்றாவது துளை வெறும் அலங்காரமாக நிற்பதுண்டு. கிதாரின் தந்திகளோ ஒலிபெருக்கியின் எர்த்தோடு இணைந்தவை. இது உயிர்ப்பிரச்னை.

சுவிட்சின் சரித்திரம் சுவையானது. 1954-ல் வெளிவந்த ஃபெண்டர் கம்பெனியின் ஸ்ட்ராட்டோகாஸ்டர் கிதாருக்கு மூன்று பிக்கப்புகளும் மூன்று நிலைச் சுவிட்சும் இருந்தன. வாசிப்பவர்கள் பிடியை இரு நிலைகளுக்கு நடுவே நிறுத்தி, இரண்டு பிக்கப்புகள் சேர்ந்து தரும் மணியோசையைத் தாமாகவே கண்டுகொண்டார்கள். ஃபெண்டர் கம்பெனி ஐந்து நிலைச் சுவிட்சை வைத்தது 1977-ல்தான். இன்றும் அதில் முன், பின் பிக்கப்புகள் இரண்டும் தனியே சேர்ந்து ஒலிக்கும் நிலை இல்லை. முன் பிக்கப்பை எப்போதும் சேர்க்க வல்ல ஒரு சிறு சுவிட்சை வைத்தால் அந்தக் குறை நீங்கும். துளையிட மனமில்லாதவர், இழுத்தால் சுவிட்சாகும் திருகைப் பொருத்தலாம்.

எல்லா மாற்றங்களிலும் நான் மனமார விரும்புவது வேறொன்று. வால்யூமைக் குறைத்தால் கூர்மையும் மங்குவதை எல்லோரும் அனுபவித்திருப்பார்கள். கன்ட்ரோலின் தடையும் கம்பியின் மின்தேக்கமும் சேர்ந்து உயர்ந்த ஒலிகளை விழுங்குவதே காரணம். 1000 பிகோ ஃபாரட் கண்டென்சரையும் 150 கிலோ ஓம் ரெசிஸ்டரையும் பக்கம் பக்கமாக இணைத்து, கன்ட்ரோலின் உள்வரும் காலுக்கும் வெளிச்செல்லும் காலுக்கும் இடையே பற்றவைத்தால், தணிந்த குரலிலும் தெளிவு கெடாது. தணிவாக வாசிப்பவனுக்கு அதைவிடப் பெரிய உபகாரம் இல்லை. இரண்டு வால்யூம் உள்ள கிதார்களில் ஒன்றை அடக்கினால் இரண்டும் அடங்குவதைத் தவிர்க்கக் கால்களை மாற்றி இணைப்பதும் உண்டு. அதனால் தணிந்த நிலையில் குரல் இன்னும் மங்குமாதலால், அவசியம் உள்ளவர் மட்டும் செய்துகொள்ளட்டும்.

எதையும் கழற்றுமுன், எந்த நிறக் கம்பி எங்கே போகிறது என்று தாளில் வரைந்துகொள்ள வேண்டும். கன்ட்ரோலின் முதுகில் ஈயம் பிடிக்க 25 வாட் சால்டரிங் அயர்ன் திணறும். 40 வாட் நல்லது. இவ்வளவுக்கும் முன்னால், வெளியே தெரியும் ஜாக்கின் மரையைச் சோதிக்க வேண்டும்: அது தளர்ந்து ஜாக் உள்ளே சுழன்றால் கம்பி முறுகி அறும், ஆகவே மரையை இறுக்கும்போது, உட்புறம் ஜாக்கை விரலால் பிடித்துக்கொண்டே இறுக்க வேண்டும்.