ரிமோட்டில் இணையம்: நாலு அம்புக்குறி, ஒரு ஓகே

உங்க வீட்டு ஸ்மார்ட் டிவியில பிரவுசரைத் திறந்து, ஏதாவது ஒரு இணையதளத்துல ஒரு படிவத்தை நிரப்பிப் பாருங்க. மவுஸ்ல அரை நிமிஷ வேலை, ரிமோட்ல பொறுமையைச் சோதிச்சிடும். ஏன் இப்படி?

மவுஸ் திரையில எந்தப் புள்ளிக்கும் நேரா போகும். ரிமோட்டுக்கு இருக்கறது நாலு திசையும் ஒரு ஓகே பட்டனும்தான். இதைச் சமாளிக்க ரெண்டு வழி உண்டு. ஒண்ணு, திரையில ஒரு சுட்டியை நகர்த்துவது. எல்ஜி-யின் மேஜிக் ரிமோட் கையசைவை உணர்ந்து இதைச் செய்யுது. இன்னொண்ணு, ஒரு லிங்க்கில் இருந்து அடுத்த லிங்க்குக்கு ஃபோகஸ் தாவுவது. இது புதுசு இல்ல. 1996-ல் அமெரிக்காவில் வந்த வெப்டிவி பெட்டியிலேயே, ரிமோட்டை அழுத்தினால் ஒரு மஞ்சள் கட்டம் லிங்க் விட்டு லிங்க் தாவும்.

சரி, வலது அம்பை அழுத்தினா எங்கே தாவணும்னு யார் முடிவு பண்றாங்க? வலப்பக்கம் இருப்பவற்றை மட்டும் முதலில் பிரித்தெடுப்பாங்க. அப்புறம் தூரத்தைக் கணக்கிடுவாங்க. தூரம் மட்டும் போதாது. ஒரே வரிசையில் இருப்பதற்குச் சலுகை உண்டு. அதனால கோணலா பக்கத்துல இருப்பதை விட, நேரா கொஞ்சம் தள்ளி இருப்பது ஜெயிக்கலாம். இதற்கு ஸ்பேஷியல் நேவிகேஷன் என்று பெயர். டபிள்யூ3சி இதற்கு ஒரு வரைவே எழுதியிருக்கு.

எல்லா பிரவுசரும் இதைத் தானாகச் செய்யாது. அதனால டிவி ஆப் எழுதுபவர்கள் பெரும்பாலும் தாங்களே கீ-டவுன் நிகழ்வைப் பிடிச்சு எழுதுறாங்க. அம்புகளுக்கு 37 முதல் 40 வரை, ஓகேவுக்கு 13. பேக் பட்டன்தான் குழப்பம்: சாம்சங் டைசனில் 10009, எல்ஜி வெப்ஓஎஸ்ஸில் 461.

நீங்க ஒரு பக்கம் வடிவமைக்கும்போது இதையெல்லாம் கவனிங்க:

1. கிளிக் செய்யவேண்டிய இடத்துல டிவ் போடாதீங்க. நிஜமான பட்டன் அல்லது லிங்க் போடுங்க. வெறும் டிவ்வுக்கு ஃபோகஸ் போகாது.

2. அழகுக்காக ஃபோகஸ் அவுட்லைனை நீக்காதீங்க. அது போனால், எங்கே இருக்கோம்னே தெரியாது.

3. ஹோவர் செய்தால் மட்டும் திறக்கும் மெனு வேண்டாம். அம்புக்குறி ரிமோட்டுக்கு ஹோவர் கிடையாது.

4. பாப்-அப் திறந்தால் ஃபோகஸ் அதற்குள் போகணும். மூடினால் பழைய இடத்துக்கே திரும்பணும்.

5. டைப் செய்வதைக் குறைங்க. கியூஆர் கோடு காட்டி, லாகினைப் போனில் முடிக்க விடுங்க.

"நம்ம பக்கத்தை யாரு டிவியில பார்க்கப் போறாங்க?" என்று கேட்கலாம். கை நடுக்கத்தால் மவுஸ் பிடிக்க முடியாதவர்கள், பார்வையற்றவர்கள் எனப் பலர் கீபோர்டை மட்டும் வைத்தே இணையத்தைப் பயன்படுத்துறாங்க. ரிமோட் மாட்டிக்கொள்ளும் இடங்களில் பெரும்பாலானவற்றில் அவர்களும் மாட்டிக்கொள்வார்கள். தேர்வு விண்ணப்பமோ, ரயில் டிக்கெட்டோ, அவர்களுக்கு அங்கேயே கதவு மூடிடும்.

சோதிக்க டிவி கூட வேண்டாம். உங்க ப்ராஜெக்ட் பக்கத்தைத் திறங்க, மவுஸைக் கழற்றி வைங்க. டேப், என்டர் இரண்டை மட்டும் வெச்சு சப்மிட் வரைக்கும் போக முடியுதான்னு பாருங்க. எங்கே நிக்குதோ, அங்கிருந்து திருத்த ஆரம்பிங்க.