சுரங்கத்தின் மேல் குடியிருப்போருக்குக் காப்பீடு யார் தருவது?

புதுதில்லி: கோலார் தங்க வயலில் பாரத் தங்கச் சுரங்க நிறுவனம் 2001-ம் ஆண்டு பிப்ரவரி 28-ம் தேதி மூடப்பட்டது. சுரங்கம்தான் மூடப்பட்டதே தவிர, நூறாண்டுகளுக்கும் மேலாகப் பூமிக்கடியில் வெட்டப்பட்ட பாதைகள் அப்படியேதான் உள்ளன. சாம்பியன் ரீஃப் சுரங்கத்தின் ஆழம் மட்டும் 3 கிலோ மீட்டருக்கும் அதிகம். அந்த வெற்றிடத்தின் மேலும் அதன் ஓரங்களிலும் மாரிகுப்பம், சாம்பியன் ரீஃப், உரிகாம், கோரமண்டல் பகுதிகளில் தொழிலாளர் குடும்பங்கள் இன்றும் வசித்து வருகின்றன. அவர்களில் மிகப் பெரும்பாலோர் வட ஆற்காடு, சேலம் போன்ற பகுதிகளிலிருந்து பிழைப்புத் தேடிச் சென்ற தமிழர்களின் வழித்தோன்றல்கள்.

சுரங்கம் இயங்கிய காலத்தில் 'ராக் பர்ஸ்ட்' எனப்படும் பாறை வெடிப்பு அங்கு வாடிக்கையான ஒன்று. ஆழத்தில் அழுத்தம் தாங்காமல் பாறை சிதறும்போது கீழே இருந்தவர்கள் உயிரிழந்தனர்; மேலே இருந்த வீடுகளின் சுவர்கள் விரிசல் கண்டன. இத்தகைய ஆபத்துகளை ஆராய்வதற்காகவே 1988-ல் தேசிய பாறை இயக்கவியல் நிறுவனம் தங்க வயலில் தொடங்கப்பட்டது. சுரங்கம் மூடப்பட்டு, நீர் இறைப்பது நின்று, பாதைகளில் வெள்ளம் நிரம்பிய பிறகும் நில அதிர்வுகள் பதிவாகியுள்ளன.

இந்தியாவில் வேறெந்த ஊரைக் காட்டிலும் வீட்டுக் காப்பீடு தேவைப்படும் ஊர்களில் இதுவும் ஒன்று என்பதில் சந்தேகமில்லை. ஆனால், நம் நாட்டில் வீட்டுக் காப்பீடு பெரும்பாலும் வங்கிக் கடனுடன் ஒட்டிக்கொண்டு வருவது. நிறுவனக் குடியிருப்புகளில் இருப்போர் பலரிடம் பட்டா இல்லை. பட்டா இல்லாததால் கடன் இல்லை. கடன் இல்லாததால் காப்பீடு பற்றி எடுத்துச் சொல்லவும் ஆள் இல்லை.

அரசு நிவாரணம் கிடைக்குமே என்று இருந்துவிடுவதும் பயன் தராது. மாநிலப் பேரிடர் நிவாரண நிதிக்கான 2022-26 விதிமுறைகளின்படி, சமவெளியில் முற்றிலும் இடிந்த வீட்டுக்கு ரூ. 1.20 லட்சம். பகுதி சேதமடைந்த உறுதியான வீட்டுக்கு வெறும் ரூ. 6,500. அதுவும் பட்டியலிடப்பட்ட பேரிடராக இருந்தால்தான். நிலநடுக்கமும் நிலச்சரிவும் அப்பட்டியலில் உள்ளன. நிலம் உள்வாங்குவது இல்லை. 2023 ஜனவரியில் உத்தரகண்டின் ஜோஷிமட் நகரில் நூற்றுக்கணக்கான வீடுகள் விரிசல் கண்டபோது இந்தக் குறை நாடு முழுவதும் தெரியவந்தது.

வாடகைதாரருக்கும் உண்டு

2021 ஏப்ரல் 1 முதல் பொதுக் காப்பீட்டு நிறுவனங்கள் அனைத்தும் 'பாரத் கிருக ரக்ஷா' என்ற ஒரே மாதிரியான பாலிசியை வழங்க வேண்டும் என்பது காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையத்தின் உத்தரவு. தீ, மின்னல், நிலநடுக்கம், புயல், வெள்ளம், நிலம் உள்வாங்குதல், கலவரம் ஆகியவை இதில் அடங்கும். கணக்கிடப்படுவது வீட்டின் சந்தை விலையல்ல. மீண்டும் கட்டுவதற்கு ஆகும் செலவு. 400 சதுர அடி வீட்டைச் சதுர அடிக்கு ரூ. 2 ஆயிரம் செலவில் கட்ட முடியும் என்று கொண்டால், காப்பீட்டுத் தொகை ரூ. 8 லட்சம். அதில் 20 சதவீதம், அதாவது ரூ. 1.60 லட்சம், வீட்டுச் சாமான்களுக்குத் தானாகவே சேர்ந்துவிடும். நகைகளுக்கு மட்டும் தனியாகக் கூடுதல் பிரீமியம் கட்ட வேண்டும்.

கட்டடத்தை விட்டுவிட்டுச் சாமான்களுக்கு மட்டுமே பாலிசி எடுக்கலாம் என்பதுதான் பலருக்கும் தெரியாத செய்தி. ராபர்ட்சன்பேட்டையிலும் ஆண்டர்சன்பேட்டையிலும் வாடகைக்கு இருப்போருக்கு இதுவே பொருத்தமானது. ஒரு பொருள் அழிந்தால் யாருக்கு நஷ்டமோ அவரே அதற்குக் காப்பீடு செய்ய முடியும் என்பது காப்பீட்டின் அடிப்படை விதி. எனவே, பட்டா இல்லாத நிறுவனக் குடியிருப்பில் கட்டடத்துக்குப் பாலிசி கேட்டால் சிக்கல் வரும். ஆனால், உள்ளே இருக்கும் தொலைக்காட்சியும் தையல் இயந்திரமும் பீரோவும் குடியிருப்பவருடையவை. அவற்றுக்குப் பட்டா தேவையில்லை. விண்ணப்பத்தில் சுவரும் கூரையும் எதனால் ஆனவை என்ற விவரத்தை உள்ளபடி எழுத வேண்டும். பழைய தட்டி வீட்டைக் கல் வீடு என்று குறிப்பிட்டால், இழப்பீடு கோரும்போது அதுவே எதிராகத் திரும்பும்.

பாலிசியில் ஒரு முடிச்சு

நிலம் உள்வாங்கினால் இழப்பீடு உண்டு என்று சொல்லும் அதே பாலிசி, சில விலக்குகளையும் அடுக்குகிறது. கொட்டி நிரப்பிய மண் அமிழ்வதாலும், நிலத்தைத் தோண்டும் பணிகளாலும் ஏற்படும் சேதத்துக்கு இழப்பீடு இல்லை. தங்க வயலில் கொட்டிய மண்ணும் தோண்டிய நிலமும் தவிர வேறென்ன இருக்கிறது? நூறாண்டுக்கு முந்தைய சுரங்கமும் இந்த விலக்கில் வருமா என்பது பாலிசியில் தெளிவாக இல்லை. ஆகவே, பிரீமியம் கட்டும் முன்பே இக்கேள்வியைக் காப்பீட்டு நிறுவனத்திடம் எழுத்து மூலம் கேட்டு, பதிலை எழுத்து மூலமாகவே பெற்றுக்கொள்வது நல்லது. முகவரின் வாய்மொழி உறுதி தகராறு வரும்போது நிற்காது.

சுரங்க ஊர்களுக்கென்றே தனி ஏற்பாடு செய்த அரசுகளும் உண்டு. அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலம் 1961-லேயே, பழைய நிலக்கரிச் சுரங்கங்களின் மேல் உள்ள வீடுகளுக்கு அரசு நிதியம் மூலம் காப்பீடு வழங்கத் தொடங்கியது. தனியார் நிறுவனங்கள் தயங்கிய இடத்தில் அரசே முன்வந்தது. பிரிட்டனில் 1991-ம் ஆண்டுச் சட்டம், நிலக்கரிச் சுரங்கத்தால் சேதமடைந்த வீட்டைப் பழுதுபார்க்கும் பொறுப்பைச் சுரங்கத் தரப்பின் மீதே சுமத்தியது.

இங்கோ நிலைமை வேறு. 2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர் ஆயுள், மருத்துவக் காப்பீடுகளுக்கு ஜிஎஸ்டி ரத்து செய்யப்பட்டது. வீட்டுக் காப்பீட்டுக்கு அச்சலுகை வழங்கப்படவில்லை. 18 சதவீத வரி தொடர்ந்தது. நாடாளுமன்றத்தில் தங்க வயல் பற்றிய பேச்சு, பெரும்பாலும் சுரங்கம் திறக்கப்படுமா, நிலுவைத்தொகை கிடைக்குமா என்பதோடு முடிந்துவிடுகிறது. வீடுகளின் பாதுகாப்பு பற்றிய கேள்விகள் அரிது.

கழிவுமண் மேடுகளில் எஞ்சியுள்ள தங்கத்தைப் பிரித்தெடுக்கும் மத்திய அரசின் திட்டத்துக்கு 2024 ஜூனில் கர்நாடக அமைச்சரவை ஒப்புதல் அளித்தது. 13 மேடுகளைத் தோண்ட வேண்டியிருக்கும். அவற்றில் சில குடியிருப்புகளை ஒட்டியே உள்ளன. பணியை ஏற்கும் நிறுவனமே அருகிலுள்ள வீடுகளுக்கான காப்பீட்டுப் பிரீமியத்தையும் கட்ட வேண்டும் என்ற நிபந்தனையை ஒப்பந்தத்தில் சேர்க்கச் சுரங்கத் துறை அமைச்சகத்துக்குப் புதிய சட்டம் எதுவும் தேவைப்படாது.