பெட்டியடிப் பையன்

பெட்டியடிப் பையன் என்பது நகரத்தார் வட்டிக்கடைகளில் தொழில் பழக அமர்த்தப்பட்ட சிறுவனைக் குறிக்கும் சொல். காரைக்குடி வட்டாரத்திலிருந்து பர்மா, மலேயா சென்ற இவர்கள் எடுபிடி வேலையில் தொடங்கிக் கணக்கு பழகினர். தேறியவர் அடுத்தாளாகி, பின்னர் மேலாளாயினர். வசதியான வீட்டுப் பிள்ளைகளும் பிறர் கடையில் பழகியதுண்டு. தகப்பன் கண்ணுக்குக் குறை தெரியாதல்லவா!

ஆளுமையையும் பணிச்சூழலையும் ஆறு வகையாக்கிப் பொருத்தும் கோட்பாட்டை அமெரிக்க உளவியலாளர் ஜான் ஹாலண்ட் 1959இல் முன்வைத்தார். அதையொட்டிய வினாத்தாள்களில் ஒருவர் தம் இயல்பைத் தாமே சொல்கிறார். வட்டிக்கடையில் அதைச் சொன்னவர், பையனுடன் ஆண்டுக்கணக்கில் இருந்து பார்த்த மேலாள். முதலாளி ஊரில் இருக்க, யாருக்குக் கடன் தருவது என்பதை மூன்றாண்டுத் தவணையில் சென்ற மேலாளே முடிவு செய்தார். கணக்கில் புலியானாலும் தாட்சண்யத்துக்கு இளகுபவர் அங்கே அமர்ந்தால் முதலே கரைந்துவிடும்.

1942இல் ஜப்பானியர் பர்மாவைக் கைப்பற்றியபின் இப்பயிற்சி முறை அருகியது.